சிக்னல் பாரை விடுங்கள்: மொபைல் நெட்வொர்க்கை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி

நாலு பார் நிற்கிறது, பக்கத்தில் 5ஜி என்றும் எழுதியிருக்கிறது, ஆனால் மளிகைக் கடைக் கல்லாவில் நின்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "உங்கள் ஏரியாவில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது சார், போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

2ஜி காலத்தில் "டவர் கிடைக்குதா?" என்ற ஒரே கேள்வி போதும். கிடைத்தால் பேசலாம், கிடைக்காவிட்டால் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். இப்போது அப்படி இல்லை. ஒரே போன் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேண்டுகளை (அலைவரிசைகளை) சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும், டேட்டா ஒரு வழியாகவும் கால் இன்னொரு வழியாகவும் போகும், 5ஜி என்று காட்டிக்கொண்டே பாதி வேலையை 4ஜியிடம் வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே "நெட் ஸ்லோ" என்றால் கோளாறு நாலு இடத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்: உங்கள் போன், போனுக்கும் டவருக்கும் நடுவே இருக்கும் ரேடியோ, அந்த டவரில் அந்த நேரத்தில் இருக்கும் கூட்டம், டவரைத் தாண்டி சர்வர் வரைக்கும் இருக்கும் பாதை. இந்த நாலில் எது என்று பிரித்துக் கண்டுபிடிப்பதுதான் அளப்பதன் ஒரே நோக்கம். செலவு ஒன்றும் கிடையாது, ஒரு ஆண்ட்ராய்டு போனும் ஒரு நோட்டும் போதும்.

முதலில் போனைச் சந்தேகப்படுங்கள்

போனின் குறையை டவர் மேல் போட்டுவிடக் கூடாது. வைஃபையை அணையுங்கள். வி.பி.என்., விளம்பரத்தைத் தடுக்கப் போட்டுவைத்த பிரைவேட் டி.என்.எஸ்., டேட்டா சேவர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அன்றைய டேட்டா கோட்டா தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தீர்ந்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதை வைத்துக்கொண்டு நெட்வொர்க்கைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்மும் ஒரே ரேடியோவைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன, அதனால் இரண்டாவது சிம்மில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் சிம்மின் டேட்டா நின்றுபோகலாம். அப்புறம் சூடு. கத்திரி வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மேப் பார்த்தபடி போனால் போன் கொதிக்கும், பல மாடல்கள் சூடானதும் 5ஜியை விட்டுவிட்டு 4ஜிக்கு இறங்கிவிடும், அதைச் சொல்லவும் சொல்லாது. ஆகவே நிழலில், சார்ஜர் மாட்டாமல், போன் ஆறியிருக்கும்போது அளங்கள்.

பாரும் 5ஜி எழுத்தும்

எத்தனை டி.பி.எம்.முக்கு (அலையின் பலத்தைச் சொல்லும் அலகு) எத்தனை பார் என்று உலகப் பொது விதி எதுவும் இல்லை. போன் கம்பெனியும் ஆபரேட்டரும் வைத்ததுதான் சட்டம். 2010இல் ஐபோன் 4 ஆன்டெனா விவகாரம் வெடித்தபோது, தாங்கள் பார் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு பார் கூடுதலாகக் காட்டிவிட்டது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஒரே சிம்மை இரண்டு போனில் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒன்றில் மூன்று பார், மற்றொன்றில் ஐந்து. எதை நம்புவது?

5ஜி எழுத்து அதைவிட மோசம். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது, ஜியோ எஸ்.ஏ. முறையிலும் ஏர்டெல் என்.எஸ்.ஏ. முறையிலும் இறங்கின. எஸ்.ஏ. என்றால் 5ஜி தன் சொந்தக் காலில் நிற்கும், பின்னால் இருந்து எல்லாவற்றையும் இயக்கும் கோர் நெட்வொர்க்கும் 5ஜிதான். என்.எஸ்.ஏ.வில் போன் முதலில் 4ஜி செல்லில்தான் உட்காரும் (செல் என்பது ஒரு டவரிலிருந்து ஒரு திசைக்கு, ஒரு பேண்டில் போகும் அலையின் எல்லை), டேட்டா வேண்டும் என்றால்தான் 5ஜி கேரியரை, அதாவது 5ஜி அலையை, துணைக்குக் கூப்பிடும். இதில் என்ன தந்திரம் என்றால், "என்னோடு 5ஜியைச் சேர்க்க வழி உண்டு" என்று அந்த 4ஜி செல் அறிவித்துக்கொண்டிருந்தாலே பல போன்கள் மேலே 5ஜி என்று போட்டுவிடும். உண்மையில் 5ஜி அலை உங்கள் அறைக்குள் வருகிறதா என்பது வேறு கதை. யூடியூபில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அது ஓடும்போதே கீழே சொல்லப்போகிற செயலியில் 5ஜி செல் தனியாக ஒரு வரியில் வருகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. வரவில்லை என்றால் நீங்கள் 5ஜி எழுத்தை வைத்துக்கொண்டு 4ஜியில் இருக்கிறீர்கள்.

பார்க்க வேண்டிய எண்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் போனால் "-97 டி.பி.எம். 43 ஏ.எஸ்.யு." என்பது போல ஒரு வரி இருக்கும் (ஏ.எஸ்.யு. என்பது அதே பலத்தை வேறு கணக்கில் சொல்வது). டயலரில் *#*#4636#*#* அடித்தால் இன்னும் கொஞ்சம் விவரம் வரும். சாம்சங்கில் பல மாடல்களில் *#0011# வேலை செய்யும், ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை திறக்கும். ஆனால் ஐபோனில் செயலிகளுக்கு இந்த எண்களைப் படிக்க அனுமதி இல்லாததால் தொடர்ந்து பதிவுசெய்ய முடியாது. அளக்கும் வேலைக்கு மட்டும் வீட்டில் யாரிடமாவது இருக்கும் ஆண்ட்ராய்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

செயலி என்றால் நெட்மான்ஸ்டர், செல்மேப்பர், ஜி-நெட்டிராக் என்று சில இருக்கின்றன. எனக்கு நெட்மான்ஸ்டர் போதும் என்று தோன்றுகிறது, எந்தச் செல், எந்த பேண்ட் என்று ஒரே திரையில் போட்டுவிடும். நடந்துகொண்டே பதிவுசெய்து மேப்பில் பார்க்க ஆசைப்பட்டால் ஜி-நெட்டிராக். எல்லாமே லொகேஷன் அனுமதி கேட்கும், அதில் வில்லங்கம் ஒன்றும் இல்லை, செல் விவரத்தை வைத்து ஆளின் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் ஆண்ட்ராய்டே அந்த அனுமதி இல்லாமல் எண்களைத் தராது.

திரை முழுக்க எண் இருக்கும், மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆர்.எஸ்.ஆர்.பி., அதாவது டவரின் அடையாள அலை உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -80க்கு மேலே என்றால் டவர் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று அர்த்தம், -95 வரை கவலை இல்லை, -105ஐத் தாண்டினால் சமாளிப்பு, -115க்குக் கீழே போனால் மூச்சுத் திணறல். இது லாகரிதம் கணக்கு என்பதை மறக்கக் கூடாது: 10 டி.பி. குறைந்தால் பலம் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. ஹாலில் -85, பின்கட்டு அறையில் -105 என்றால் "கொஞ்சம் குறைகிறது" என்று சொல்லக் கூடாது, நூறில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டவர் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது, உங்கள் போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்கிறது. ஆகவே -112இல் டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குச் சரியாகக் கேட்காது. வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோ இறங்கிவிடும், நீங்கள் அனுப்புகிற போட்டோ போகாது. எதிர்முனையில் இருப்பவர் "விட்டு விட்டுக் கேட்குது" என்பார், உங்களுக்கு அவர் குரல் தெளிவாக இருக்கும். இந்த அறிகுறி இருந்தால் டவுன்லோடு வேகத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் அப்லோடைப் பாருங்கள்.

இரண்டாவது எஸ்.ஐ.என்.ஆர்., சில செயலிகளில் எஸ்.என்.ஆர். என்று போட்டிருக்கும். அலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது இது. 20க்கு மேலே பிரமாதம், 10 பக்கம் பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரைச்சலே குரலைவிடப் பெரிசு. வேகத்தைப் பொறுத்தவரை பலத்தைவிட இதற்குத்தான் மரியாதை, ஏனென்றால் அலை சுத்தமாக இருந்தால் ஒரு குறியீட்டில் 8 பிட் ஏற்றி அனுப்பலாம், அழுக்காக இருந்தால் 2 பிட்தான் ஏறும். அதே அலைவரிசை, அதே டவர், அதே சிம், இதில் மட்டுமே நாலு மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. சென்னை மாதிரி டவர்கள் நெருக்கமாக இருக்கும் ஊரில் -80 பலமும் 1 எஸ்.ஐ.என்.ஆரும் சேர்ந்து வருவது சகஜம். உயரமான அடுக்குமாடியின் பால்கனியில் போய் நின்று பார்த்தால் புரியும், சுற்றி இருக்கிற பத்து டவரும் ஒரே நேரத்தில் கேட்கும், எதையும் உருப்படியாகக் கேட்க முடியாது.

மூன்றாவது ஆர்.எஸ்.ஆர்.க்யூ. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த எண். காரணம், இது கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். 4ஜியில் ஒரு செல் சும்மா கிடந்தால் இது -3 பக்கம் வரை ஏறலாம், அதே செல் முழுசாக வேலை செய்துகொண்டிருந்தால் பக்கத்து டவர் தொந்தரவே இல்லாவிட்டாலும் -11 பக்கம் இறங்கும். அதற்கும் கீழே, -14, -16 என்று போனால் பக்கத்துச் செல்களின் குறுக்கீடும் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்.எஸ்.ஆர்.பி. அசையாமல் நிற்க, இது மட்டும் இரவு எட்டு மணிக்கு மேல் சரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

5ஜியிலும் இதே பெயர்களில்தான் எண்கள் வரும், ஆனால் அங்கே அளக்கும் அலை வேறு, ஆன்டெனா ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் கற்றையாக அனுப்புவதால் கணக்கும் வேறு. 4ஜி -90ஐயும் 5ஜி -90ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். 4ஜியை 4ஜியோடு, 5ஜியை 5ஜியோடு.

எந்த பேண்ட், எந்தச் செல்

எண்ணை மட்டும் எழுதிவைத்தால் பாதி வேலைதான். எந்த பேண்டில் அந்த எண் வந்தது என்பதும் வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் சுவரைத் துளைத்து உள்ளே வரும், ஆனால் அகலம் குறைவு. 2300, 3500 எல்லாம் அகலமான சாலை, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2022 ஏலத்தில் ஜியோ வாங்கியதைப் பாருங்கள்: 700இல் 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடி (போக ஒன்று, வர ஒன்று), 3300இல் 100 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒரே 5ஜி, ஒரே ஆபரேட்டர் என்றாலும் 700இல் இருக்கும்போது கிடைக்கிற வேகமும் 3300இல் இருக்கும்போது கிடைக்கிற வேகமும் பக்கத்தில்கூட வராது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் இழுக்குது" என்ற புகார்களில் கணிசமானவை இந்த வகைதான்: போன் உள்ளே நுழைந்ததும் தாழ்ந்த பேண்டுக்கு மாறிக்கொள்கிறது, பார் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது.

செல் ஐ.டி.யையும் குறித்துக்கொள்ளுங்கள். 4ஜியில் செயலி காட்டும் பெரிய எண்ணை 256ஆல் வகுத்தால் கிடைக்கும் முழு எண் டவரின் எண், மீதி வருவது அந்த டவரில் எந்தச் செல் என்பது. பல செயலிகள் இதைப் பிரித்தே காட்டிவிடும். இது எதற்கு என்றால், நேற்று நன்றாக இருந்தது இன்று கெட்டுவிட்டது என்னும்போது முதல் கேள்வியே நேற்றும் இன்றும் ஒரே செல்தானா என்பது. உங்கள் தெரு டவர் கரண்ட் இல்லாமல் பேட்டரியும் தீர்ந்து படுத்துவிட்டால் போன் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவரைப் பிடித்துக்கொள்ளும், 4ஜி என்றுதான் காட்டும், ஐ.டி. மட்டும்தான் உண்மையைச் சொல்லும். பக்கத்தில் எந்தெந்த டவர் இருக்கிறது என்று பார்க்க தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளம் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் டவரில் உங்கள் ஆபரேட்டர் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரே கம்பத்தை இரண்டு மூன்று பேர் வாடகைக்கு எடுப்பதும் உண்டு, எதிரிலேயே டவர் இருந்தும் அதில் உங்கள் கம்பெனி மட்டும் இல்லாமல் போவதும் உண்டு.

ஸ்பீட் டெஸ்ட்: குறைவாக, ஒழுங்காக

முதலில் பர்ஸைப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்து விநாடி ஓடினாலே டவுன்லோடு மட்டும் 375 எம்பி போய்விடும். தினம் 1.5 ஜிபி பிளானில் இருப்பவர் காலையில் உற்சாகமாக நாலு டெஸ்ட் போட்டால் மதியத்துக்குள் கோட்டா காலி.

அடுத்தது சர்வர். ஸ்பீட் டெஸ்ட் செயலிகள் மிக அருகில் இருக்கும் சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும், பல நேரம் அது உங்கள் ஆபரேட்டரின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். அதில் 200 வந்தால் உங்கள் வீட்டிலிருந்து ஆபரேட்டர் வாசல் வரை சாலை நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். வாசலைத் தாண்டி என்ன ஆகிறது என்று பார்க்க, அதே செயலியில் வேறு ஊர், வேறு நிறுவனத்தின் சர்வரைக் கையால் தேர்ந்தெடுத்து இன்னொரு முறை போடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் அதன் சொந்த சர்வர்களோடு அளக்கிறது, கிளவுட்ஃபிளேரின் டெஸ்டும் தனி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலியில் போட்டால் முடிவை டிராய்க்கே அனுப்பிவைக்கும். அருகில் 150, வெளியில் 8 என்றால் ரேடியோவில் குற்றமில்லை, டவரைக் குறை சொல்லிப் புகார் கொடுத்தால் மூடிவிடுவார்கள்.

வேகத்தைவிட முக்கியமான ஒன்று, சுமை இருக்கும்போது வரும் லேட்டன்சி, அதாவது தகவல் போய்த் திரும்பும் தாமதம்; பிங் என்பது அதை அளக்கும் சோதனை. சும்மா இருக்கும்போது பிங் 30 மில்லி செகண்ட் காட்டும், டவுன்லோடு ஓடும்போது அதுவே 400, 600 என்று ஏறும். ஃபாஸ்ட் டாட் காமும் கிளவுட்ஃபிளேரும் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். 80 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் ஆன்லைன் வகுப்பு உறைந்து உறைந்து நிற்கிறதே என்று குழம்புபவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். வீடியோ காலுக்கு 3 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அந்த 3 சீராக வர வேண்டும்.

பிங்கைத் தனியாக அளக்க ஏதாவது பிங் செயலியில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியைக் கொடுத்து நூறு முறை ஓடவிடுங்கள். முதல் ஒன்றிரண்டு எண்ணை அடித்துவிடுங்கள், ஏனென்றால் சும்மா கிடக்கும் போன் பேட்டரியை மிச்சப்படுத்த ரேடியோ இணைப்பை விட்டுவிட்டுத்தான் இருக்கும், முதல் பிங் அந்த இணைப்பை எழுப்பும் நேரத்தையும் சேர்த்துக் காட்டும். மீதி எண்களில் சராசரியைவிட ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 35, 38, 41, 36 என்று போனால் ஆரோக்கியம். 35, 40, 310, 38, 520 என்று குதித்தால் நடுநடுவே பேக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) தொலைந்து மறுபடி அனுப்பப்படலாம், அல்லது கூட்டத்தில் வரிசையில் காத்திருக்கலாம். மொபைலில் போனும் டவரும் தங்களுக்குள்ளேயே தொலைந்ததைத் திரும்ப அனுப்பிக்கொள்ளும், ஆகவே இழப்பு இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும். பேக்கெட் லாஸ் 0 சதவீதம் என்று காட்டினாலும் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரு வாரம், ஒரே இடம்

எல்லாவற்றுக்கும் மேலே ஒழுங்கு வேண்டும். ஒருநாள் ஹாலில், மறுநாள் மாடியில் என்று அளந்தால் ஒன்றும் தேறாது. நெட் அதிகம் தேவைப்படும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, போனை மேசையில் ஒரே திசையில் வைத்து (கையில் பிடித்தாலே சில டி.பி. குறையும்), அரை நிமிடம் விட்டு, பிறகு எழுதுங்கள். விடியற்காலை ஐந்தரை, மதியம் இரண்டு, இரவு ஒன்பதரை என்று தினம் மூன்று முறை, ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரு வாரம். நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய், இரவு 9:35, பின்கட்டு மேசை, 4ஜி பேண்ட் 40 (2300 மெகாஹெர்ட்ஸ்), செல் இன்னது, ஆர்.எஸ்.ஆர்.பி. -96, ஆர்.எஸ்.ஆர்.க்யூ. -15, எஸ்.ஐ.என்.ஆர். 2, டவுன் 3, அப் 1, பிங் 60 முதல் 480 வரை, கரண்ட் இருந்தது.

கடைசியில் கரண்ட் இருந்ததா என்று எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். பவர் கட் அதிகம் இருக்கும் ஊர்களில் நெட்வொர்க் வரலாற்றில் பாதி மின்வாரிய வரலாறு.

ஒரு வாரம் ஆனதும் நோட்டே பேச ஆரம்பிக்கும். விடியற்காலை 60 எம்பிபிஎஸ், இரவு 3, ஆர்.எஸ்.ஆர்.பி. இரண்டிலும் -96 பக்கமே என்றால் அது கூட்டம். போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் சரி, புதுப் போன் வாங்கினாலும் சரி, தீராது. அந்தச் செல்லுக்குக் கூடுதல் கேரியர் போட வேண்டும் அல்லது பக்கத்தில் இன்னொரு டவர் வர வேண்டும். நாள் முழுக்க -112 என்றால் அது கவரேஜ். ஜன்னல் பக்கம் போய் அளந்து -95 வந்தால் உங்கள் சுவர்தான் எதிரி, வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எண்கள் மூன்றுமே நன்றாக இருந்தும் எல்லா நேரமும் மெதுவாக இருந்தால் டவருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பையோ அதற்கு அப்பால் இருக்கும் பாதையையோ சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் போனில் செல் ஐ.டி. நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டு செல்லுக்கும் நடுவே எல்லையில் மாட்டியிருக்கிறீர்கள், கால் கட்டாவதற்கு அது பெரிய காரணம்.

இதில் ஒரு பரிசோதனையைக் கட்டாயம் செய்துபாருங்கள்: நெட்வொர்க் செட்டிங்கில் 5ஜியை நிறுத்தி 4ஜி மட்டும் வைத்து, அதே மேசையில், அதே நேரத்தில். 5ஜி வந்த பிறகு ஆட்கள் அங்கே போய்விட்டதால் 4ஜி காலியாகக் கிடக்கிற இடங்களும் உண்டு, நேர்மாறான இடங்களும் உண்டு. புதுசு என்பதற்காகவே வேகமாக இருக்க வேண்டும் என்று ரேடியோவுக்கு விதி இல்லை.

கால் விஷயத்துக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. கால் போட்டவுடன் மேலே இருக்கும் எழுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். 4ஜியில் இருந்து 2ஜிக்கு இறங்கினால் வோல்டி (4ஜி வழியாகவே கால் போகும் வசதி) வேலை செய்யவில்லை, செட்டிங்கைப் பாருங்கள். எஸ்.ஏ. 5ஜியில் இருந்து 4ஜிக்கு இறங்கினால் அது கோளாறில்லை, 5ஜியிலேயே குரல் போக வழி இல்லாத இடத்தில் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், மணி அடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்

ஆபரேட்டர் பக்கம் ஆளே பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம், பார்க்கிறார்கள், ஆனால் மேலிருந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு செல்லும் எத்தனை இணைப்பு முயற்சி, எத்தனை தோல்வி, எத்தனை கால் கட், ரேடியோ வளத்தில் எத்தனை சதவீதம் பயன்பாடு என்று வழக்கமாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புகிறது. இத்தனை பேண்ட், இத்தனை தொழில்நுட்பம், இத்தனை கம்பெனிகளின் கருவி என்று ஆன பிறகு அந்த எண்களை மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது, அதனால் 5ஜி கோரில் பகுப்பாய்வுக்கென்றே என்.டபிள்யூ.டி.ஏ.எஃப். என்று ஒரு தனிப் பகுதியையே, மொபைல் தரங்களை வகுக்கும் உலக அமைப்பான 3ஜிபிபியின் தரநிர்ணயத்தில் சேர்த்துவிட்டார்கள். டிரைவ் டெஸ்ட் என்று காரில் கருவிகளை வைத்துக்கொண்டு சுற்றுவதும் நடக்கிறது. ஆனால் கார் ரோட்டில்தான் போகும், நீங்கள் இருப்பது மூன்றாவது மாடி பின்பக்க அறையில். போன்களே அளந்து சொல்லும் வசதியும் 3ஜிபிபி ரிலீஸ் 10இலிருந்து இருக்கிறது, அதில் கட்டடத்துக்குள் இடம் துல்லியமாக வராது. ஒரு செல்லில் 90 பேர் திறந்த வெளியில், 10 பேர் ஒரு பெரிய கட்டடத்துக்குப் பின்னால் என்றால் சராசரி பச்சையாகத்தான் இருக்கும். உங்கள் நோட்டுக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

சட்டமும் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கிறது. டிராய் 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சேவைத்தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்பு காலாண்டுக்கு ஒருமுறை பார்த்த தரத்தை 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் பார்க்கிறார்கள், கால் கட்டாவது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைக்கிறது என்ற மேப்பை ஆபரேட்டர்கள் தங்கள் தளத்தில் போட வேண்டும். அந்த மேப்பைத் திறந்து உங்கள் தெருவில் 5ஜி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், புகாரில் உதவும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல பகுதிகள் நெட்வொர்க்கே இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரியும்.

புகார் எழுதுவது

டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை, அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் ஆபரேட்டரின் 198. புகார் பதிவானதற்கான டாக்கெட் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். "நெட் சரியில்லை" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள், ஈமெயிலிலும் இதையே அனுப்புங்கள்: "இந்த முகவரியில், இந்த எண்ணுள்ள 4ஜி செல்லில், பேண்ட் 40இல், ஏழு நாளும் இரவு 9 முதல் 10 வரை டவுன்லோடு 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே. அதே செல்லில் விடியற்காலை 50க்கு மேலே. ஆர்.எஸ்.ஆர்.பி. இரண்டு நேரத்திலும் -96 பக்கம். இரண்டு போனில் சோதித்தேன். செல் நெரிசல் என்று நினைக்கிறேன், நெட்வொர்க் குழுவுக்கு அனுப்பவும்." முதலில் பேசுபவருக்கு இதில் பாதி புரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் திரையில் ரீஸ்டார்ட் என்று எழுதி மூட முடியாது, மேலே அனுப்பத்தான் வேண்டும். பதில் திருப்தி இல்லையா, 30 நாளுக்குள் அதே ஆபரேட்டரின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்கும் அப்புறம் மத்திய அரசின் குறைதீர் போர்ட்டலில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம்.

எதுவும் நடக்கவில்லை என்றால் போர்ட் செய்வதுதான் வழி. அதற்கும் முன்னால் அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எங்களுக்குச் சூப்பரா இருக்கு" என்பதை நம்பி மாறாதீர்கள், அவர் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ. போக நினைக்கும் கம்பெனியின் மலிவான பிரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி, உங்கள் மேசையில், உங்கள் போனில், அதே மூன்று நேரத்தில் ஒரு வாரம் எழுதுங்கள், குறிப்பாக ஞாயிறு இரவை விடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு போர்ட் கேட்டு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம்.